பழைய சாமி படங்களை இனம் கண்டு விலை மதிப்பது எப்படி?

நமது சங்க உறுப்பினர்களில் படக்கடை, கண்ணாடிக் கடை, மரச்சாமான் கடை, பாத்திரக் கடை, பழைய பொருள் கடை வைத்திருப்போர் பலர். இவர்கள் எல்லோருடைய கடைக்கும் ஒரு சரக்கு தேடாமலே வந்து சேருகிறது. பூர்வீக வீட்டை இடிப்பவர்கள், பாகப்பிரிவினை முடிந்து வீட்டைக் காலி செய்பவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறுபவர்கள், பூஜை அறையில் மாட்டியிருந்த பெரிய சாமி படங்களைத் தூக்கி வந்து, "இதற்கு என்ன போட்டுத் தருவீர்கள்?" என்று கேட்கிறார்கள். கண்ணாடி உடைந்த படத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்று அரசமரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. நல்ல படங்கள் பல அப்படித்தான் மழையில் கரைந்து போயின.

இந்தச் சரக்கில் நம்மவர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். ஒரு சாரார் படத்தைப் பார்ப்பதே இல்லை. சட்டம் தேக்கா, ஈட்டியா என்று மட்டும் பார்த்து, அடிக்கணக்கில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் காகிதத்தை உருவி எறிந்துவிட்டு, அந்தச் சட்டத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்து விற்கிறார்கள். மற்றொரு சாரார் 'ரவி வர்மா' என்ற பெயர் காதில் விழுந்ததும் கல்லாப்பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள். முதல் வகையில் படத்தைக் கொண்டு வந்த குடும்பம் ஏமாறுகிறது. இரண்டாவது வகையில் வியாபாரி ஏமாறுகிறார். பிறகு அதே படத்தை வாடிக்கையாளருக்கு விற்று, அவரையும் தெரியாமலே ஏமாற்றுகிறார்.

படச்சட்டம், கண்ணாடி மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கலை விமர்சனம் எனக்கு வராது. கடை மேசையில் வைத்து, கையில் உள்ள சாதனங்களைக் கொண்டு எதைப் பார்க்கலாம், பார்த்த பிறகு எவ்வளவு கொடுக்கலாம் என்பது மட்டுமே என் விஷயம்.

ஒரு படத்துக்கு மூன்று வயது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சட்டம் போட்ட சாமி படம் ஒவ்வொன்றுக்கும் மூன்று வயது உண்டு. ஓவியர் வரைந்த காலம் ஒன்று. இந்தத் தாள் அச்சான காலம் இரண்டாவது. சட்டம் போட்ட காலம் மூன்றாவது. தாமரையில் நிற்கும் ரவி வர்மா லட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1890-களில் வரைந்தது. ஆனால் நம் கைக்கு வந்த தாள் 1930-களில் அச்சானதாக இருக்கலாம். அதற்குச் சட்டம் போட்டது 1960-களில் இருக்கலாம். கண்ணாடி உடைந்து போன வருடம் மாற்றியதாகவும் இருக்கலாம். விற்க வருபவர் இந்த மூன்றில் எது அதிகமோ அதைச் சொல்வார். அவர் மேல் குற்றமில்லை, தாத்தா சொன்னதை அவர் சொல்கிறார். நாம் விலை போட வேண்டியது இரண்டாவது வயதுக்கு. அதாவது, தாள் அச்சான காலத்துக்கு.

படத்தில் ஓவியர் கையெழுத்து இருக்கிறதே என்பார்கள். அந்தக் கையெழுத்தும் அச்சிலேயே வந்தது. ரவி வர்மா 1906-ல் காலமானார். அவர் பெயரில் இருந்த அச்சகம் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் ஓடியது. அவர் வரையாத படங்களையும் அது ஏராளமாக அச்சிட்டது. ஆகவே 'ரவி வர்மா படம்', 'ரவி வர்மா பிரஸ் படம்' என்பவை இரண்டு வேறு சரக்குகள். அவருடைய அசல் எண்ணெய் ஓவியங்கள் கோடிக்கணக்கில் ஏலம் போவதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, அச்சுப் படத்துக்கு அந்தக் கண்ணோடு விலை கேட்பவர்களும் வருவார்கள். பொறுமையாக விளக்கிச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

எங்கெங்கே அச்சானவை

நம் வீடுகளில் கிடைக்கும் பழைய படங்கள் பெரும்பாலும் சில ஊர்களிலிருந்து வந்தவை. கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோவும் புனே சித்ரசாலா அச்சகமும் 1878-ல் தொடங்கியவை. இவற்றின் படங்கள் நம் பக்கத்தில் அபூர்வம். கிடைத்தால் ஓரங்கட்டி வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது ரவி வர்மா அச்சகம். 1894-ல் பம்பாயில் ஜெர்மன் இயந்திரங்களோடு ஆரம்பித்தார்கள். பிறகு லோனாவ்லா அருகே மலவ்லி என்ற ஊருக்கு மாற்றினார்கள். வியாபாரம் நஷ்டத்தில் ஓட, 1900-களின் தொடக்கத்தில் அங்கே வேலை பார்த்த பிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரிடமே விற்றுவிட்டார்கள். உலகப் புகழ் பெற்ற ஓவியர்தான். ஆனால் அச்சகத்தின் வரவு செலவு அவர் கைக்கு அடங்கவில்லை. வியாபாரிகளாகிய நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மலவ்லி ஆலை 1972-ல் தீக்கிரையானது.

இந்தப் படங்களை ஓலியோகிராப் என்பார்கள். பவேரியாவிலிருந்து வந்த வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை வரைந்து, கல்லை ஈரமாக்கி, மை உருளையை ஓட்டுவார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது அல்லவா, அதனால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல். ஒரு படத்துக்குப் பத்துப் பதினைந்து கற்கள் கூடப் போகும். கடைசியில் வார்னிஷ் பூசி, சிலவற்றில் துணியின் இழை போலத் தெரியும்படி உருளையால் அழுத்தி, எண்ணெய் ஓவியம் போலவே ஆக்கிவிடுவார்கள்.

1920-களின் கடைசியிலிருந்து பிரிஜ்பாசி நிறுவனத்தார் ஜெர்மனியில் படங்களை அச்சடித்து இறக்குமதி செய்தார்கள். கண்ணன், ராதை, ராமர் பட்டாபிஷேகம் போன்றவை, வழுவழுப்பான தாளில், 'ஜெர்மனியில் அச்சிட்டது' என்ற ஆங்கில வாசகத்தோடு வரும். 1939-ல் போர் மூண்டதும் அந்த வரத்து நின்றது.

நம் தென்மாவட்டத்துச் சரக்கை நாமே மட்டமாக நினைப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். சென்னை ஓவியப் பள்ளியில் படித்த சி.கொண்டையராஜு (1898 - 1976), திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சிறிது காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போய், 1940-களில் கோவில்பட்டியில் தங்கினார். அவரும் அவருடைய சீடர்கள் டி.எஸ்.சுப்பையா, டி.எஸ்.அருணாசலம், மு.ராமலிங்கம் முதலியோரும் வரைந்த முருகன், மீனாட்சி கல்யாணம், கஜலட்சுமி ஆகியவையே சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போனவை. தீப்பெட்டி லேபிளுக்காக வந்த லித்தோ இயந்திரங்கள் காலண்டரையும் அடித்தன. 1940-களிலும் 50-களிலும் வந்த இந்த லித்தோ படங்களுக்கு இன்று சேகரிப்பாளர்களிடம் மதிப்பு இருக்கிறது. 'ரவி வர்மா இல்லையா, அப்படியானால் வேண்டாம்' என்று ஒதுக்குகிறவர் நல்ல சரக்கை இழக்கிறார்.

காலண்டர் படங்களில் இன்னொரு விசேஷம். கீழே கடையின் பெயர், தெரு, போன் நம்பர் அச்சிட்டிருக்கும். சட்டம் போடும்போது அதை வெட்டிவிடுவதுதான் வழக்கம். வெட்டாமல் தப்பிய படம் கிடைத்தால், அந்தக் கடைக்காரரின் மகனோ பேரனோ நம் ஊரிலேயே வியாபாரம் செய்துகொண்டிருப்பார். வெளியூர் சேகரிப்பாளரை விட அவரே நல்ல விலை கொடுப்பார்.

கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களிலிருந்தும் படங்கள் வரும். திரு இருதய ஆண்டவர், புனித குடும்பம் போன்றவை ஐரோப்பாவில் அச்சானவையாகவும் இருக்கும், சிவகாசியில் அச்சானவையாகவும் இருக்கும். அதே சோதனைகள்தான் இவற்றுக்கும். தலை மட்டும் தெரியும்படி, தவிட்டு நிறப் பின்னணியில் வரும் ஏசுநாதர் படம் எல்லோருக்கும் தெரியும். அது வார்னர் சால்மன் என்ற அமெரிக்கர் 1940-ல் வரைந்தது. அதை 'நூறு வருஷத்துப் படம்' என்று யாராவது சொன்னால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. இதே போல, சந்தோஷி மாதா படம் நாடு முழுவதும் பரவியது 1975-ல் அந்தப் பெயரில் வந்த இந்தி சினிமாவுக்குப் பிறகு.

லென்ஸ் வைத்துப் பார்ப்பது

தேவையான கருவி ஒன்றுதான். ஜவுளிக் கடையில் இழை எண்ணுவதற்கு வைத்திருக்கும் சிறு மடக்குக் கண்ணாடி போதும். அச்சகத்தாரும் அதையே வைத்திருப்பார்கள். சாமியின் கன்னம் அல்லது கை போன்ற வெளிர் நிறப் பகுதியில் வைத்துப் பாருங்கள்.

புள்ளிகள் ராணுவ அணிவகுப்புப் போல வரிசையாக நின்று, சிறு சிறு பூவிதழ் வட்டங்களாகத் தெரிந்தால் அது ஆப்செட் அல்லது பிளாக் அச்சு. நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு மைகளுக்கு மேல் இராது. கல் அச்சாக இருந்தால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவியது போல, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும். கையால் வைத்த புள்ளிகள் அவை. இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், சந்தன நிறம் என்று தனித்தனி மைகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். தங்க நிறம் இருந்தால் அது உண்மையிலேயே உலோகப் பொடி கலந்த மையாக மினுங்கும். ஆப்செட்டில் மஞ்சளும் பழுப்பும் சேர்ந்து தங்கம் போல ஏமாற்றும்.

கல் அச்சின் மணல் புள்ளிகள் தெரிந்து, அவற்றின் மேலேயே வரிசைப் புள்ளிகளும் தெரிந்தால், பழைய படத்தைப் போட்டோ எடுத்து மறு அச்சு செய்தது என்று பொருள். வரிசையும் இல்லாமல், மணலும் இல்லாமல், மிக நுண்ணிய சாரல் அடித்தது போல இருந்தால், இன்றைய கம்ப்யூட்டர் பிரிண்டரில் எடுத்தது.

அடுத்த சோதனைக்குச் செலவே இல்லை. கள்ள நோட்டுப் பார்ப்பதற்காக நம் கல்லாவில் இருக்கும் ஊதா விளக்கின் கீழ், படத்தின் முன்பக்கத்தை அல்ல, பின்பக்கத்தைக் காட்டுங்கள். காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ரசாயனம் ஏறத்தாழ 1950-லிருந்துதான் காகித ஆலைகளில் புழக்கத்துக்கு வந்தது. அது கலந்த தாள் விளக்கின் கீழ் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிரும். ஒளிர்ந்தால் 1900-ம் ஆண்டுத் தாள் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒளிராவிட்டால் பழையது என்று உறுதியாகிவிடாது. அந்த ரசாயனம் சேர்க்காத தாள் இன்றும் கிடைக்கிறது. இந்த விளக்கு ஒரு படத்தைத் தள்ளுவதற்கு உதவும், ஏற்பதற்கு உதவாது.

பின்பலகையைக் கழற்றும் முன் ஓர் எச்சரிக்கை. உள்ளே இருப்பது அச்சுப் படம்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தங்க ரேக்கும் கல்லும் மேடாக ஒட்டியிருந்தால் தஞ்சாவூர் ஓவியம். கண்ணாடியின் உட்புறத்திலேயே வண்ணம் தீட்டியிருந்தால் கண்ணாடி ஓவியம். அதைத் திறந்து துணியால் துடைத்தால் வண்ணம் செதிலாக உதிர்ந்து கையோடு வந்துவிடும். இரண்டுமே நம் இந்தப் பாடத்துக்குப் புறம்பானவை. அதற்கான ஆளை வரவழைத்துக் காட்டுங்கள்.

ஓரத்தில் உள்ள எழுத்து

படத்தின் நான்கு பக்கமும் உள்ள வெள்ளை ஓரம்தான் அதன் ஜாதகம். அச்சகத்தின் பெயர், ஊர், வெளியிட்டவர் பெயர், படத்தின் எண் எல்லாம் அங்கேதான் இருக்கும். 'ரவி வர்மா பிரஸ், கார்லா-லோனாவ்லா', 'மலவ்லி' என்றெல்லாம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பழைய காலத்தில் சட்டத்தின் அளவுக்கு ஏற்ப ஓரத்தை வெட்டித் தள்ளியவர்கள் நம் தொழிலைச் சேர்ந்தவர்களே. ஓரம் முழுதாக இருக்கும் படத்துக்கும் வெட்டுப்பட்ட படத்துக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. சில சமயம் ஓரத்தை வெட்டாமல் மடித்து உள்ளே தள்ளியிருப்பார்கள். ஆகவே கழற்றிப் பார்க்காமல் 'ஓரம் இல்லை' என்று முடிவு கட்ட வேண்டாம்.

முகவரி இருந்தால் அதிலிருந்து காலத்தைக் கணக்கிடலாம். ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. அது இருந்தால் படம் அதற்குப் பிந்தியது. 'மதராஸ்-1', 'பம்பாய்-2' என்று ஓரிரு இலக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. விலை அணாக்கணக்கில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். 'நயா பைசா' என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949-க்குப் பிறகு. 'மதராஸ் ராஜ்யம்' என்றிருந்தால் 1969-ல் தமிழ்நாடு என்று பெயர் மாறுவதற்கு முன்.

தமிழ் எழுத்து இருந்தால் நமக்கு இன்னும் வசதி. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன்பு 'லை', 'னை', 'ணை' எல்லாம் யானைத் துதிக்கை போல மேலே வளைந்த கொம்போடு இருக்கும். 'றா', 'ணா', 'னா' ஒரே எழுத்தாகச் சுழித்து இருக்கும். 'பழனி மலை' என்பதில் இன்றைய 'லை' இருந்தால், அந்தப் படம் 1950 என்று சொல்வதை நம்பாதீர்கள். ஆனால் பழைய எழுத்து இருப்பதாலேயே 1978-க்கு முந்தியது என்றும் சொல்ல முடியாது. கையில் இருந்த பழைய எழுத்தைச் சில அச்சகத்தார் அதன் பிறகும் வெகுகாலம் உபயோகித்தார்கள்.

முதுகுப் பக்கமும் சட்டமும்

பின்பலகைக்கும் படத்துக்கும் நடுவே பெரும்பாலும் பழைய செய்தித்தாள் இருக்கும். அதில் தேதி இருந்தால் எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். அந்தத் தேதி, சட்டம் போட்டது அன்றைக்குப் பிறகுதான் என்பதை மட்டும் காட்டும். தாள் அச்சான காலம் அதனால் தெரியாது. பழைய காகிதத்தை எடைக்கு வாங்கி இன்று வைக்கவும் யாராலும் முடியும்.

ஏமாற்ற முடியாத அடையாளம் வேறு ஒன்று இருக்கிறது. பலகை வைத்து மூடிய படத்தின் முதுகில், பல ஆண்டுகளில் மரத்தின் சத்து இறங்கி, பலகையின் ரேகைகள் பழுப்பாகப் பதிந்திருக்கும். இரண்டு பலகை சேரும் இடைவெளி இருந்தால், அந்த இடத்தில் கோடு போலக் கறை தெரியும். அந்தக் கோடும் இப்போதுள்ள பலகையின் இடைவெளியும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தினால் படமும் சட்டமும் நெடுங்காலமாகச் சேர்ந்து இருந்தவை. பொருந்தாவிட்டால் ஏதோ ஒன்று பிறகு வந்தது.

கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, அதில் டியூப்லைட்டின் பிரதிபலிப்பைப் பாருங்கள். பழைய கண்ணாடியில் பிம்பம் அலை அலையாக நெளியும், சிறு காற்றுக் குமிழும் இருக்கும். நெளிவே இல்லாத மிதவைக் கண்ணாடி முறை இங்கிலாந்தில் 1959-ல் அறிவிக்கப்பட்டது. நம் நாட்டில் அது பரவ மேலும் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் கண்ணாடி உடைவதும் மாற்றுவதும் சகஜம். புதுக் கண்ணாடி இருப்பதால் படத்தின் விலையைக் குறைக்கத் தேவையில்லை.

இப்போது வரும் போலிகள்

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர் நண்பர் ஒருவர், செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்தவை என்று ஒரு தரகர் கொடுத்த ஆறு படங்களை என்னிடம் காட்டினார். தேக்குச் சட்டம் உண்மையானது. கண்ணாடி பழையது. படத்தில் நீர்க்கறை, பழுப்பு, செல்லரித்த ஓட்டை எல்லாம் இருந்தன. லட்சுமி, சரஸ்வதி, விஸ்வாமித்திரர் மேனகை என்று எல்லாம் பெயர் பெற்ற படங்கள். அவற்றில் இரண்டு லட்சுமி. இரண்டு லட்சுமியின் இடது மூலையிலும் ஒரே வடிவில், ஒரே இடத்தில் நீர்க்கறை! தாளைத் திருப்பினால் பின்னால் கறையே இல்லை. கறையும் ஓட்டையும் உள்ள ஒரு பழைய படத்தைப் போட்டோ எடுத்து, கறையோடு சேர்த்து அச்சிட்டிருக்கிறார்கள். செல்லரித்த ஓட்டையைத் தடவினால் விரலில் ஓட்டை தட்டுப்படவில்லை.

நண்பர் அதற்குள் ஒரு படத்தை 'நூறு ஆண்டுப் பழமை' என்று பில்லில் எழுதி, வெளியூர் டாக்டர் ஒருவருக்கு விற்றிருந்தார். அவராகவே போன் செய்து சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். தரகரிடமிருந்து அவருக்கு ஒரு காசும் திரும்பவில்லை. ஆனால் அந்த டாக்டர் இன்றும் அவரிடமே வாங்குகிறார்.

ஆகவே கறையை நம்பாமல், கறை தாளின் மறுபக்கம் வரை ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். தேயிலைத் தண்ணீரில் நனைத்த தாள் இரண்டு பக்கமும் ஒரே சீராகப் பழுப்பாக இருக்கும். இயற்கையாகப் பழுத்த தாளோ வெளிச்சம் பட்ட இடத்தில் ஒரு நிறமும், சட்டத்தின் அடியில் மறைந்த ஓரத்தில் வேறு நிறமுமாக இருக்கும்.

பட்டுத் துணி, சரிகை, ஜமிக்கி ஒட்டி அலங்கரித்த படங்கள் தனி ரகம். வீட்டுப் பெண்களும் கடைக்காரர்களும் அந்தக் காலத்தில் ரவி வர்மா லட்சுமிக்குச் சேலையே கட்டியிருக்கிறார்கள். பழைய அலங்காரம் இருந்தால் அதனால் மதிப்புக் கூடும். 'அசலாக்குகிறேன்' என்று அதைப் பிய்த்தெடுப்பவரைக் கடைக்குள் விடாதீர்கள். பழைய சரிகை கறுத்திருக்கும். பளபளவென்று மின்னும் பிளாஸ்டிக் ஜமிக்கி பிற்காலத்தது.

விலை போடுவது

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையல்ல. கை மாறிய விலைதான் விலை. ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் தொகையை வெளியிடுகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இரண்டு மணி நேரம் சுற்றினாலும் ஓரளவு பிடிபடும்.

லட்சுமியும் சரஸ்வதியும் மிக அதிகமாக அச்சானவை. ஆகவே அபூர்வமல்ல, ஆனால் கேட்பவர்களும் அவற்றைத்தான் கேட்கிறார்கள், சீக்கிரம் கை மாறும். புராணக் காட்சிகள், அதிகம் அச்சாகாத தெய்வங்கள் அபூர்வம். ஆனால் அதைத் தேடும் ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டும். மொத்த வியாபாரத்தில் அபூர்வச் சரக்கு என்றால் முதல் முடங்கும் சரக்கு என்றும் அர்த்தம்.

கணக்கு எப்படிப் போடுவது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எண்கள் கணக்குக்காக மட்டும், மார்க்கெட் நிலவரம் அல்ல. 2 அடிக்கு ஒன்றரை அடி சட்டம் என்றால் சுற்றளவு 7 அடி. பழைய தேக்குச் சட்டம் அடி ரூ.150 என்றால் சட்டம் மட்டும் ரூ.1,050. இதே போன்ற படம், ஓரம் முழுதாக, நிறம் குறையாமல், சட்டத்தோடு ரூ.12,000-க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். நம் படத்தில் ஓரம் வெட்டுப்பட்டு, கீழே நீர்க்கறையும் இருந்தால் பாதி, அதாவது ரூ.6,000. செப்பனிடவும், நல்ல அட்டை வைக்கவும் ரூ.1,500 போனால் மீதி ரூ.4,500. பணம் முடங்குவதற்கும் நம் லாபத்துக்குமாக மூன்றில் ஒரு பங்கு எடுத்தால், கொடுக்கக்கூடிய விலை ரூ.3,000. ரூ.1,050 மட்டும் கொடுத்து அனுப்புவது அநியாயம். ரூ.10,000 கொடுப்பது அசட்டுத்தனம். லென்ஸும் விளக்கும் வைத்துப் பார்த்த பின்பும் சந்தேகம் தீரவில்லை என்றால், சட்டத்தின் விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சந்தேகத்தை விற்க வந்தவரிடமே சொல்லிவிட்டு, வேறு இடத்திலும் காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிறம் மங்கியிருப்பதைக் குறிப்பாகக் கவனியுங்கள். வெயில் பட்டால் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய், படம் நீலம் பூத்து நிற்கும். கிழிசலைச் சரி செய்யலாம், கறையைக் குறைக்கலாம். போன நிறம் வராது. மேலே வண்ணம் தீட்டியிருந்தால் விலையை இன்னும் குறையுங்கள்.

சட்டமும் வரியும்

தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டம் 1972-ன்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருள், கைவினைப் பொருள் தொல்பொருளாகும். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 1920-களுக்கு முந்தைய அச்சுப் படங்கள் இந்த வயது எல்லைக்குள் வந்துவிட்டன என்பதை மறந்து, 'நூறு வருஷப் பழசு' என்று விளம்பரப் பலகை மாட்டுபவர்கள் யோசிக்க வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எதையும் அனுப்பும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிக்கொள்வது உத்தமம்.

பழைய பொருளை வாங்கி விற்பவருக்கு, ஜி.எஸ்.டி.யில் லாபத் தொகைக்கு மட்டும் வரி செலுத்தும் முறை சில நிபந்தனைகளோடு இருக்கிறது. ஆடிட்டரைக் கேட்டு அதன்படி கணக்கு வையுங்கள். விற்பவரின் பெயர், விலாசம், கையெழுத்தோடு கொள்முதல் சீட்டு அவசியம். திருட்டுச் சரக்கு, கோயில் சரக்கு நம் தலையில் வந்து விழாமல் இருக்க அதுவே காவல். மறு அச்சு போடும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: ரவி வர்மா படங்களுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்து வெகுகாலமாயிற்று. ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் என்பது விதி. ஆகவே கொண்டையராஜு படங்களுக்கு 2036 முடியும் வரை உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும்.

வைத்திருப்பதும் விற்பதும்

வாங்கிய படத்தை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. கண்ணாடியின் மேல் உள்ள குங்குமம், எண்ணெய்ப் புகையை மட்டும் துடைக்கலாம். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டினால், சில ஆண்டுகளில் அது பழுத்து, டேப் போன பின்னும் கறை நிற்கும். லாமினேஷன் செய்த படம் அன்றோடு முடிந்தது. ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல், கண்ணாடியோடு சேர்த்தே காகிதம் செப்பனிடத் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். திரும்பச் சட்டம் போடும்போது பழைய பலகையை நேராகப் படத்தின் மேல் வைக்காமல், நடுவே அமிலம் நீக்கிய அட்டை கொடுத்து, முன்னால் மவுண்ட் வைத்துக் கண்ணாடி தாளைத் தொடாமல் பாருங்கள். கழற்றிய பலகை, ஆணி, கடை லேபிள், உள்ளே இருந்த செய்தித்தாள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுப் படத்தோடேயே கொடுத்துவிடுங்கள். வாங்குபவர் அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார்.

பில்லில் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். 'ரவி வர்மா ஒரிஜினல், 1900' என்று எழுதி அது பொய்யானால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். என் கடையில் எழுதும் மாதிரி இது:

"லட்சுமி படம் ஒன்று. கல் அச்சு, வார்னிஷ் பூசியது. கீழ் ஓரத்தில் ரவி வர்மா பிரஸ், கார்லா-லோனாவ்லா என்ற எழுத்து உள்ளது. மேல் ஓரம் வெட்டுப்பட்டது. அச்சான ஆண்டு குறிப்பிடப்படவில்லை. தேக்குச் சட்டம், பிற்காலத்தது. கண்ணாடி புதியது. வலது கீழ் மூலையில் 2 அங்குல நீர்க்கறை."